வட்டுக்கோட்டைக்கு வழியும் நகரை மீனும்

"வட்டுக்கோட்டைக்குப் போற வழி எது?" என்று ஒருவர் கேட்டாராம். "துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு" என்று மற்றவர் பதில் சொன்னாராம். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பதற்கு எங்கள் பக்கத்தில் இப்படியொரு பேச்சு இருக்கிறது. சிறுவயதில் அம்மா இதைச் சொல்லி என்னை ஏசும்போது, வட்டுக்கோட்டை என்பது கதையில் மட்டும் வரும் ஊர் என்று நினைத்திருந்தேன். பின்னர் சமூகவியல் படித்து, சமூகப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்தபோது, எனக்குப் பொறுப்பாகத் தரப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்றாக அமைந்தது. அந்தப் பழைய பேச்சுக்கும் என் வேலைக்கும் எவ்வளவு பொருத்தம் என்பது பிறகுதான் விளங்கியது.

வட்டுக்கோட்டை என்றதும் படித்தவர்களுக்கு இரண்டு விடயங்கள் ஞாபகம் வரும். ஒன்று, அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் தொடங்கிய செமினரியும் அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியும். மற்றது, 1976 மே 14 இல் பண்ணாகத்தில் நிறைவேற்றப்பட்ட தீர்மானம். இரண்டைப் பற்றியும் புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. நான் சொல்ல வருவது மீனைப் பற்றி. நகரை என்று நாங்கள் சொல்லும் சின்னச் சிவப்பு மீனையும் அதை விற்றுச் சீவிக்கும் ஒரு அக்காவையும் பற்றி.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து வட்டுக்கோட்டைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. மானிப்பாய், சங்கானை என்று ஊர்மனைகளுக்குள்ளால் சுற்றிப் போகலாம். அல்லது நாவாந்துறை, காக்கைதீவு தாண்டி, கல்லுண்டாய் வெளியால் அராலிக்குப் போய் அங்கிருந்து ஏறலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. கல்லுண்டாய் வெளியில் வீடுகள் குறைந்து காற்று பெருக்கும். இடப்பக்கம் கடனீரேரி. பெரும்பாலான இடங்களில் ஆள் உயரத்துக்கும் குறைந்த தண்ணீர்தான். கண்ணுக்கெட்டிய தூரம் தடிகள் நட்டு வலை கட்டியிருக்கும். சிறகுவலை என்பது அதுதான். மாரியில் வழுக்கியாறு வந்து சேருவதும் இந்த அராலிப் பக்கத்தில்தான். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்லத்தக்கது அதுதான். அதுவும் மழைக்கு மட்டும் ஓடும் ஆறு.

அராலியில் அதிகாலை இறங்கினால் கரையில் சனம் நிற்கும். இரவு போன வள்ளங்கள் திரும்பி வர, மீன் கரையில் கொட்டப்பட்டு ஏலம் கூறப்படும். நான் முதன்முறை அங்கே போனது 2014 இல். என் கையில் படிவங்கள், தோளில் பை, பெயரட்டை. ஏலத்தைச் சுற்றி நின்றவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். மோட்டார் சைக்கிளின் பின்னே பெரிய பெட்டி கட்டியவர்கள். விளைமீன், பாரை, ஒட்டி, இறால், நண்டு எல்லாம் அவர்கள் கைக்குப் போயின. அவர்கள் கூறும் வேகத்துக்கு என்னால் காது கொடுக்கவே முடியவில்லை. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, ஓரத்தில் கடகத்தோடு குந்தியிருந்த நாலைந்து பெண்கள் எழுந்து வந்தார்கள். எஞ்சிக் கிடந்த கலப்பு மீனை அவர்கள் பிரித்து எடுத்தார்கள். அந்தக் கலப்பில் பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தது.

"இது என்ன மீன், அக்கா?" என்று கேட்டேன்.

"என்ன பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பிள்ளை நகரை தெரியாதோ?" என்று சிரித்தா அவ. என் வீட்டில் மீன் வாங்குவது அப்பாவின் வேலை. வெட்டிய பிறகுதான் மீன் என் கண்ணில் படும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவ ஒரு மீனை எடுத்து, நாடிக்குக் கீழே நகத்தால் கிண்டினா. அங்கே ஒரு சின்னப் பள்ளத்துக்குள் மடிந்து கிடந்த இரண்டு மயிர் போன்றவை வெளியே வந்தன. "தாடி" என்றா. "ஆட்டுக்குத் தாடி இருக்கெல்லோ, அது மாதிரி."

ஆங்கிலத்திலும் இதற்கு ஆட்டு மீன் என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் கரைகளில் கிடைக்கும் நகரைகளில் பலவற்றுக்கு விஞ்ஞானிகள் உபெனியஸ் என்று பேரினப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மீசை தாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சற்றுப் பெரிய நகரைகள் பருபெனியஸ் என்ற அடுத்த பேரினத்தைச் சேர்ந்தவை. உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்தில் 6 பேரினங்களும் ஏறத்தாழ 100 இனங்களும் உண்டு. அத்தனைக்கும் அடையாளம் அந்த இரண்டு தாடிதான்.

அந்தத் தாடி அழகுக்கு இருப்பதல்ல. எங்கள் நாக்கில் சுவை அறியும் மொட்டுகள் இருப்பதுபோல நகரைக்குத் தாடியில் இருக்கின்றன. கடலடியில், மணலிலும் சாதாளைப் புல்லுக்கிடையிலும், இரண்டு தாடியையும் முன்னே நீட்டித் தடவித் தடவிப் போகும். புழுவோ சின்ன இறாலோ மணலுக்குள் புதைந்து கிடந்தால் தாடிக்குத் தெரிந்துவிடும். உடனே மூஞ்சியால் கிண்டி எடுத்துவிடும். கலங்கிய தண்ணீரில், கண் தெரியாத இடத்தில், தடவிப் பார்த்தே சாப்பாடு தேடுகிறது. இது கிண்டும்போது கிளம்பும் சின்ன உயிர்களைப் பிடிக்க வேறு மீன்கள் பின்னாலேயே திரியும். வேலை முடிந்தால் தாடியை மடித்து நாடிக்குக் கீழே வைத்துக்கொள்ளும். கொய்யகத்தைச் சொருகுவதுபோல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு விடயம். நகரைக் குஞ்சு பிறப்பிலேயே கடலடியில் வாழ்வதில்லை. முதலில் வெளிக்கடலில், மேல்தண்ணீரில், வெள்ளி நிறமாகத் திரியும். பிறகுதான் கரையை அண்டிய அடிமட்டத்துக்கு வந்து இறங்கும். இறங்கிய ஒரு நாளுக்குள் நிறம் மாறி, தாடி நீண்டு, அடிக்கடலில் சீவிக்கக்கூடிய வேறொரு உடம்பாகிவிடும். அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைத் தொடரில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது 1995 ஐப்பசி 30 இரவு எனக்கு ஞாபகம் வந்தது. அப்போது எனக்கு 6 வயது. நாவற்குழிப் பாலத்தில் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்தபடி வலிகாமமே நடந்து போவதைப் பார்த்தேன். ஒரு இரவுக்குள் எல்லோரும் வேறு ஆட்களாகிவிட்டோம். இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்த இரவை நான் விபரிக்கத் தேவையில்லை.

அக்காவின் தொழில் தொடங்கியதும் அந்த இடப்பெயர்வில்தான். அப்போது அவ கலியாணம் முடித்துக் கொஞ்ச நாள். தென்மராட்சியில் ஒரு தென்னங்காணியில் கொட்டில் போட்டு இருந்தார்கள். கணவருக்கு வலையும் இல்லை, வள்ளமும் இல்லை. எல்லாம் அராலியிலேயே விட்டு வந்தாயிற்று. கச்சாய்க் கரைக்குப் போய்க் கடனுக்கு ஒரு கடகம் மீன் வாங்கி, கொடிகாமம் சந்தையில் குந்தியிருந்து விற்றிருக்கிறா. "முதல் நாள் தலையை நிமித்தேல்லை பிள்ளை. சனம் மீனைப் பாத்து விலை கேக்க, நான் மீனைப் பாத்தே விலை சொன்னன்" என்றா. 1996 இல் ஊர் திரும்பிய பிறகும் விற்பதை நிறுத்தவில்லை. கணவர் கடலுக்கு, இவ சந்தைக்கு. யுத்த காலத்தில் கடலுக்குப் போவதற்கு நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, பாஸ். ஆழத்துக்குப் போக முடியாது. பெரிய மீன் வராது. வந்ததெல்லாம் கரையோர மீன்தான், நகரையும் அதில் ஒன்று. அந்த வருடங்களில் எங்கள் சட்டிகளில் கொதித்ததில் எவ்வளவு நகரை என்று இப்போது யோசிக்கிறேன்.

2007 இல் ஒரு காலை பாஸ் எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை. அதற்கு மேல் அவ சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. ஒரு நாள் மட்டும், சந்தையில் பெரிய நகரை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த வகைக்கு விலாவில் மஞ்சள் திட்டு ஒன்றும், வாலடியில் கறுப்புப் பொட்டு ஒன்றும் இருக்கும். "வைக்கிறதோ விடுறதோ எண்டு நான் இத்தனை வருசமா யோசிக்கிறன். இது ஒரு யோசனையும் இல்லாமல் வாலில வைச்சுக்கொண்டு திரியுது" என்றா. பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவவும் சிரித்தா. நான் படிவத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

படிவத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெண் தலைமைக் குடும்பங்களுக்கான வாழ்வாதார உதவிக்கு நான் வேலை செய்த நிறுவனம் ஒரு படிவம் வைத்திருந்தது. தொழில் என்ற இடத்தில் தெரிவு செய்யச் சில கட்டங்கள்: விவசாயம், கால்நடை, தையல், கடற்றொழில், சிறுகடை. அக்காவுக்கு நான் கடற்றொழில் என்று அடையாளம் இட்டேன். அது திரும்பி வந்தது. கடற்றொழிலாளர் என்றால் சங்கத்தில் பதிவு வேண்டும். வள்ளமோ வலையோ சொந்தமாக வேண்டும். அவவின் கணவரின் பெயரில் பதிவு இருந்தது. கணவரைப் பற்றி எந்தச் சான்றிதழும் அப்போது இல்லை. காணாமற்போனோர் குடும்பங்களுக்கு இன்மைச் சான்றிதழ் வழங்க வழிசெய்த சட்டத் திருத்தம் 2016 இல்தான் வந்தது. சிறுகடை என்று போட்டேன். கடைக்குக் கட்டடம் இல்லை என்று அதுவும் திரும்பியது. கடைசியில் மேலிடத்தில் சொன்னார்கள், "கால்நடை எண்டு போடுங்கோ, ஆடு குடுக்கலாம்" என்று.

அவ என்னிடம் கேட்டது ஒரு நல்ல ஐஸ் பெட்டியும் சைக்கிளும். மூடி இறுக்கமாகப் பொருந்தும், வெயில் தாங்கும் பெட்டி. நாங்கள் கொடுத்தது இரண்டு மறி ஆடுகள். கையெழுத்து வாங்கிப் படமும் எடுத்தோம். விடிய நாலு மணிக்குக் கரைக்குப் போய் மத்தியானம் திரும்பும் பெண்ணுக்கு ஆட்டுக்குக் குழை வெட்ட நேரம் எங்கே? அந்த மாரியில் ஒன்று வயிறூதிச் செத்தது. மற்றதை விற்று மகளின் ரியூசன் காசு கட்டினா. எங்கள் அறிக்கையில் இன்னமும் "வாழ்வாதாரம் வழங்கப்பட்டது" என்றுதான் இருக்கிறது. அந்த வரியை எழுதியது நான். வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவருக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்னதும் நான்தான்.

"நீங்கள் தந்த ஆட்டை விட இதுக்குத்தான் தாடி வடிவு" என்று நகரையைக் காட்டி அவ பகிடி விடுவா. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் அவவிடம் படித்தது நிறைய. முதலில் மீன் தெரிவு. நகரை உயிரோடு மணலில் மேயும்போது அவ்வளவு சிவப்பில்லை, மங்கலாகத்தான் இருக்கும். இரவில் ஓய்ந்து கிடக்கும்போதும் செத்த பிறகும்தான் சிவப்பு ஏறும். ஆகவே சிவப்பாக இருக்கிறதே என்று புது மீன் என நம்பி வாங்கக் கூடாது. கண் தெளிவாக, குழி விழாமல் இருக்க வேண்டும். பூவைத் தூக்கிப் பார்த்தால் இரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமத்தினால் குழி நிற்கக் கூடாது. நகரையின் செதில் பெரிது, இலகுவில் கழரும். சந்தையில் செதில் பாதி போய்க் கிடந்தால் பழசு என்று அர்த்தமில்லை. அது வலையிலேயே கழர்ந்திருக்கும். சதை மென்மையானபடியால் வெயிலில் கெதியாகக் கெட்டுப்போகும். ஐஸ் பெட்டி கேட்டதன் காரணம் அதுதான். விளைமீனுக்குப் பத்து மணி வரை தாக்குப் பிடிக்கும் என்றால், நகரை அவ்வளவு பொறுக்காது. வெயில் ஏற ஏற விலை இறங்கும். பத்து மணிக்குப் பிறகு வாங்க வருபவர்களுக்கு அது தெரியும். வேண்டுமென்றே பிந்தி வருவார்கள்.

சமையல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அவ சொன்னபடி செய்து பார்த்ததால் சொல்கிறேன். சின்ன நகரையைக் கழுவி முழுசாக மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரிக்கலாம். பெரிதென்றால் சொதி. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் இரண்டாம் பாலில் அவிந்த பிறகு மீனைப் போட வேண்டும். போட்ட பிறகு அகப்பையால் கிளறக் கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்ட வேண்டும். முதற்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கித் தேசிக்காய்ப்புளி. சின்னப் பிள்ளைகளுக்கு முள் பார்த்துக் கொடுக்க வேண்டும், அது ஒன்றுதான் கரைச்சல்.

ஒரு நாள் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, நான் வாசித்த ஒரு கதையை அவவுக்குச் சொன்னேன். மத்தியதரைக் கடலிலும் இந்த நகரைக்கு நெருங்கிய சொந்தங்கள் உண்டு. முல்லஸ் என்பது அதன் பேர். 2000 வருடங்களுக்கு முன் உரோமாபுரிப் பணக்காரருக்கு அந்தச் சிவப்பு மீனில் பைத்தியம். கலிகுலா என்ற சக்கரவர்த்தியின் காலத்தில் அசினியஸ் செலர் என்பவர் ஒரே ஒரு மீனுக்கு 8000 செஸ்தேர்ஸ் காசு கொடுத்தார் என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு சாதாரண படைவீரனுக்கு வருடச் சம்பளம் 900 செஸ்தேர்ஸ். இது மட்டுமல்ல. உயிர் மீனைக் கண்ணாடிப் பாத்திரத்தில் விருந்து மேசைக்குக் கொண்டுவந்து, அது சாகும்போது நிறம் மாறுவதைச் சுற்றியிருந்து பார்த்து இரசித்தார்களாம். செனெக்கா என்ற தத்துவஞானி இதைக் கண்டித்து எழுதினார்.

விலையைக் கேட்டு அவ வாயில் கை வைப்பா என்று எதிர்பார்த்தேன். அவவுக்கு விலை பெரிதாகப் படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாகிறதைப் பாக்கவோ காசு குடுத்தவை?" என்று கேட்டா. பிறகு பஸ் வந்துவிட்டது.

பஸ் என்றால் அதுவும் ஒரு கதை. மீன்கடகத்தோடு ஏறினால் சில நடத்துநர்கள் பின்னுக்குப் போகச் சொல்வார்கள், சிலர் ஏற்றவே மாட்டார்கள். மணக்கிறதாம். பொரித்த நகரை மணந்தால் அயல் வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்கள். அதை விற்கும் பெண் மணந்தால் மட்டும் மூக்கைப் பொத்துவார்கள். "மீன்காரி" என்று கூப்பிடுவதில் எங்கள் சமூகம் எத்தனை விடயங்களை ஒளித்து வைத்திருக்கிறது என்பது பற்றிப் பல்கலைக்கழகத்தில் நான் கட்டுரை எழுதிப் புள்ளி வாங்கியவள். ஆனால் அந்தப் பஸ்ஸில் முதல் தடவை அவவுக்குப் பக்கத்தில் இருக்கும்போது என் உடுப்பைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டதும் நான்தான். அவ அதைக் கவனித்தாவோ தெரியாது. கவனித்திருப்பா.

2016 இல் அவ நுண்கடன் எடுத்தா. நாங்கள் கொடுக்காத சைக்கிளையும் பெட்டியையும் அந்தக் காசில் வாங்கினா. பெட்டி வெறும் றெஜிபோம், ஒரு வருடத்துக்குள் மூலை உடைந்தது. கடன் மட்டும் உடையாமல் நின்றது. கிழமைக்கு ஒரு தரம் படலைக்கு வந்து நிற்பார்கள். கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றப் பெண்களோடு வந்து நிற்பார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். எங்கள் மாவட்டத்தில் எத்தனை பெண்கள் இதில் அகப்பட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. இவவின் கடன்களில் ஒன்று அதில் சேர்ந்தது, மற்றது சேரவில்லை.

அதற்கிடையில் மீனும் குறைந்துகொண்டே வந்தது. பாக்கு நீரிணையில் இந்திய இழுவைப் படகுகள் வந்து போகும் கிழமை நாட்களை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் வலை போடப் பயந்து வீட்டில் நிற்பார்கள். போட்டால் வலையும் போய்விடும். றோலர் மடி கடலடியை வழித்துக்கொண்டு போகும். சாதாளையும் மணலும் புழுவும் குஞ்சும் ஒன்றாக வரும். கடலடியைத் தடவிச் சீவிக்கும் நகரைக்கு அதைவிட வேறு அழிவு வேண்டியதில்லை. அங்கே இராமேஸ்வரம், மண்டபம் பக்கத்தில் இழுவைப் படகுகள் கொண்டுவந்து இறக்குவதில் நகரைக்கு முக்கிய இடம் உண்டு. அந்தக் கரையிலும் அதைக் கூறு போட்டு விற்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களும் தமிழ்ப் பெண்கள். இதை நினைக்கும்போது யாரைக் கோபிப்பது என்று எனக்கு விளங்குவதில்லை. இங்கேயும் சிலர் இழுவை மடி வைத்திருந்ததை மறைக்கவும் கூடாது. 2017 யூலையில் இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்து பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்த பிறகும் இரவில் தூரத்தில் வெளிச்சங்கள் வரிசையாகத் தெரிவதைக் கரையில் நின்று நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு 2022. ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. இயந்திர வள்ளங்கள் பல கரையில் கிடந்தன. அந்த நாட்களில் கரைக்கு வந்ததெல்லாம் கையால் வலித்துப் போகும் வள்ளத்து மீனும் சிறகுவலை மீனும்தான். பெரிய மீன் இல்லாததால் மோட்டார் சைக்கிள் வியாபாரிகளும் கலப்பு மீனுக்குக் கை வைத்தார்கள். ஏலம் முடிந்து பெண்கள் எழுந்து வரும்போது தரையில் ஒன்றும் இருக்கவில்லை. அக்கா மூன்று மாதம் தொழிலுக்குப் போகவில்லை. மகளின் காதில் கிடந்தது அடகுக்குப் போனது அப்போதுதான்.

அந்தக் காலத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அராலிக் கரையில் அந்தப் பெண்களுக்கென்று யாரும் எதையும் ஒதுக்கி வைத்ததில்லை. பெரியவர்கள் வேண்டாமென்று விட்ட மீன்தான் அவர்களுடைய பங்கு. அந்தப் பங்கில் பெரும்பகுதி நகரை. மலிவு மீன் என்பதால் அது பெண்களின் கையில் நின்றது. அதன் விலை ஏறினாலும் அவர்களுக்கு நட்டம், அது கடலில் இல்லாமல் போனாலும் நட்டம். எங்கள் படிவங்களில் இதற்கு ஒரு கட்டமும் இல்லை.

கடந்த வருடம் படிவத்தை மாற்றும் கூட்டம் ஒன்றுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். "மீன் விற்பனை, பெண்" என்று ஒரு தனிக் கட்டம் வேண்டும் என்று சொன்னேன். கருவாடு போடுவோர், நண்டுச் சதை எடுப்போர், வலை பொத்துவோர் என்று இன்னும் மூன்றைச் சேர்த்தேன். சங்கப் பதிவு கேட்கக் கூடாது, கிராம அலுவலரின் கடிதம் போதும் என்றும் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் வாதிட்டு, கடைசியில் ஒரு கட்டம் கிடைத்தது: "கடல்சார் ஏனைய தொழில்." அவ்வளவுதான். அதில் அக்காவின் பெயர் முதலாவதாகப் போயிருக்கிறது. கேட்ட உதவி என்ற இடத்தில் ஐஸ் பெட்டி, 50 லீற்றர், மூடியுடன் என்று நானே எழுதினேன். யாராவது ஆடு என்று மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

போன கிழமை மறுபடி வட்டுக்கோட்டைக்குப் போனேன். சந்தியில் அவவைக் கண்டேன். மழை வரப்போகிற வெயில், மணி பத்தரை. கடகத்தில் ஈரச்சாக்கின் கீழே இரண்டு கூறு நகரை மிஞ்சியிருந்தது. ஒரு கூறு 400 ரூபா என்று தொடங்கி 250 வரை இறக்கிவிட்டதாகச் சொன்னா.

"பெட்டி எப்பிடி பிள்ளை, வருமோ?"

"அடுத்த மாதம் எண்டு சொல்லுகினம், அக்கா."

"போன மாதமும் உதுதானே சொன்னனீங்கள்" என்றா. கோபமாக இல்லை. இரண்டு கூறையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று 800 ரூபாவை நீட்டினேன். அவ 300 ஐத் திருப்பி என் கையில் வைத்தா. மீனை வாழைச்சருகில் சுற்றிப் பையில் போட்டு, "வீட்டை போன உடனே கழுவுங்கோ, வைச்சிருக்காதேங்கோ" என்றா. நடத்துநர் என் பையைப் பார்த்தார். நான் முன்னுக்கே இருந்தேன்.